நீ போட்ட பைப் சரியாகத்தான் இருந்தது

தம்பி,

முந்தாநாள் மத்தியானம் பிடித்த மழை நேற்றுச் சாயங்காலம்தான் விட்டது. ஏரி நிரம்பி, மிஞ்சின தண்ணீர் போகும் கலங்கல் வழிந்து, நம் தெரு வாய்க்காலில் தண்ணீர் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு வந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே நின்றேன். உன் அப்பா உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் நம் வாசலுக்கு வந்தது, பைப்புக்குள் நுழைந்தது, அந்தப் பக்கம் வெளியே வந்து கடல் பக்கமாகப் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. கன்னியம்மா பெரியம்மா வீட்டு வாசலில் ஒரு கை தண்ணீர்கூட ஏறவில்லை. படுத்ததும் தூங்கிவிட்டேன். மழை நாளில் நான் நிம்மதியாகத் தூங்கி ஆறு வருஷம் ஆகிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிம்மா, வேற?" என்று கேட்பாய். நீ "வேற" என்று கேட்டுவிட்டால் எனக்கு ஒன்றும் வராது. மாடு கன்று போட்டதையும் தேங்காய் விலையையும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். ஆறு வருஷமாக அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் பால்வாடியில் பழைய ரெஜிஸ்டரில் மிஞ்சிய தாள்களைக் கிழித்து எடுத்துவந்து எழுதுகிறேன். தை மாசம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எழுத எழுதத் தைரியம் குறைந்தாலும் குறையும். நம் வாசலில் நீ போட்ட பைப் சரியாகத்தான் இருந்தது. அதை அடைத்தவள் நான்.

போன மாசம் உனக்குப் போன் செய்தேனே, நினைவிருக்கிறதா? தெருவை அகலப்படுத்தி உயர்த்தப் போகிறார்கள், வாய்க்காலை ஆழமாக வெட்டப் போகிறார்கள், அவரவர் வீட்டுக்குப் போகிற வழியில் கிடக்கும் பைப்பை மழைக்கு முன்னால் எடுத்துத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எந்த அளவு பைப் வாங்கட்டும் என்று உன்னைக் கேட்டேன். "நல்ல மேஸ்திரியா பாத்துப் போட்டுக்குங்கம்மா. என்ன கேக்காதீங்க, நான் போட்டதுதான் ஊருக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டு வைத்தாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. யாரோ மூன்றாவது மனுஷனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாய்.

நீ டிப்ளமா முடித்த வருஷம் அது. தெருவுக்கும் நம் வீட்டுக்கும் நடுவே வாய்க்கால் ஓடுகிறது. அதைத் தாண்டி வண்டி உள்ளே வர வேண்டுமென்றால் கீழே பைப்பைப் போட்டு மேலே மண்ணைக் கொட்ட வேண்டும். அப்பா வாய் ஒரு அடி அகலம் இருக்கும் பைப் போதும் என்றார். தெருவில் எல்லோரும் அதைத்தான் போட்டிருந்தார்கள். நீ விடவில்லை. காலையில் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு கலங்கல் வரைக்கும் நடந்தாய், சாயங்காலம் கடல் பக்கம் நடந்தாய். வாய்க்காலின் அகலம், ஆழம், போன மழையில் தண்ணீர் ஏறிய தடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்து, "ரெண்டடி பைப்தாம்பா. கம்மியா போட்டா பெரியம்மா ஊட்டுக்குள்ள தண்ணி போயிடும்" என்றாய். நம்மைவிட மேட்டுப் பக்கம் கன்னியம்மா பெரியம்மா வீடு. தண்ணீர் அவர்களைத் தாண்டித்தான் நம்மிடம் வருகிறது. ஆனால் அவர்கள் மனைக்கட்டு பள்ளம். தன் வீட்டு வழிக்குப் பைப் போடுகிறவன் பக்கத்து வீட்டை நினைத்துக் கணக்குப் போட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எட்டடி நீளத்தில் சிமெண்ட் பைப் இரண்டு வந்து இறங்கியது. நீ பள்ளத்தில் இறங்கி நின்றுகொண்டு, கண்ணாடிபோல் இருக்கும் அந்த டியூப்பில் தண்ணீரை ஊற்றி, ஒரு முனையை அப்பா கையில் கொடுத்து மட்டம் பார்த்தாய். அப்பாவை அசையக் கூடாது என்று அதட்டினாய். அவருக்கு உள்ளூரப் பெருமை. வெளியே முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தார். அடியில் மணல் பரப்பினாய். பைப்பின் அடிப்பக்கம் வாய்க்கால் தரையைவிட இரண்டு விரல் தாழ்ந்திருக்க வேண்டும் என்றாய். தண்ணீர் போகிற திசையைக் காட்டி ஒவ்வொரு பைப்பின் மேலும் சிவப்புப் பெயிண்டில் அம்புக்குறி போட்டாய். மண்ணுக்குள் போகிறதுக்கு எதற்கடா அம்பு என்று நான் கிண்டல் செய்தேன். "என்னைக்காவது எடுப்பாங்க இல்லம்மா, அப்பத் தெரியணும்ல" என்றாய். மிஞ்சிய மணலைச் சுவரோரமாகக் குவித்து வைத்தாய். அந்த மணல் இந்தக் கதையில் பிறகு வரும்.

அந்த ஆவணியில்தான் உன் அக்காவுக்குக் கல்யாணம். மண்டபத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மறுவீட்டு விருந்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ரெட்டியார்பாளையத்திலிருந்து இரண்டு வேன் நிறைய வருவதாகச் சொன்னதும்தான் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், பட்டாளத்துக்காரரைப் பிரெஞ்சில் சொல்தா என்பதால் அவர்களைச் சொல்தா வீடு என்றுதான் சொல்வார்கள். சாப்பிடும்போது மடியில் துணி விரித்துக்கொள்கிற வீடு. அவர்கள் வீட்டு வாசலில் பினாயில் வாசனையைத் தவிர வேறெதுவும் வராது. நம் வாசலில் பந்தல், பந்தலில் சாப்பாட்டு மேஜை, மேஜைக்கு நேர் கீழே பைப். மழை இல்லாத நாளில் அதற்குள் மேட்டுத் தெருவின் பாத்திரம் கழுவின தண்ணீர் சிறிது சிறிதாக ஓடிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு ஒரு பெருச்சாளி வேறு அங்கே குடிவந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் பந்தல்காரர்களின் காலுக்கு நடுவே அது ஓடியதைப் பார்த்தேன். சம்பந்தியம்மா காலடியில் அது ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்ததும் எனக்கு வேறு நினைப்பே இல்லாமல் போய்விட்டது.

விருந்தன்று காலையில் நீங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. கல்யாணத்தில் மிஞ்சிய தாம்பூலப் பைகள் ஒரு கட்டு இருந்தன. உன் அக்கா பேரும் மாப்பிள்ளை பேரும் சிவப்பில் அச்சடித்த மஞ்சள் பைகள். நீ குவித்து வைத்திருந்த மணலை அவற்றில் நிரப்பி, காதைக் காதோடு முடிந்து, பைப்பின் மேட்டுப் பக்கத்து வாய்க்குள் ஒவ்வொன்றாகத் திணித்தேன். வெளியே தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்று பந்தல் மூங்கிலால் குத்திக் குத்தி உள்ளே தள்ளினேன். ஒரு நாளைக்குத் தண்ணீர் அந்தப் பக்கமே நிற்கட்டும், மறுநாள் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். விருந்து பிரமாதமாக நடந்தது. நாற்றமும் இல்லை, பெருச்சாளியும் இல்லை. சம்பந்தியம்மா, "இடம் எவ்ளோ சுத்தமா வச்சிருக்கீங்க" என்று சொன்னார். சாயங்காலம் அவர்கள் உன் அக்காவையும் கூட்டிக்கொண்டு வேனில் ஏறினார்கள். வேன் திரும்பியதும் நான் வீட்டுக்குள் போய் அழ ஆரம்பித்தேன். மறுநாளும் அழுதேன். பைகளைச் சுத்தமாக மறந்துபோனேன். மணல் பூமி என்பதால் தேங்கிய தண்ணீரையும் தரையே குடித்துவிட்டது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பைப் வாயில் புல் முளைத்து மூடிக்கொண்டது.

ஐப்பசியில் அந்தப் பெரிய மழை வந்தது. நீ அப்போது விழுப்புரத்தில் ஒரு கட்டட வேலையில் சேர்ந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. வாய்க்கால் தண்ணீர் நம் பைப்பில் முட்டி நின்று, திரும்பி, கன்னியம்மா பெரியம்மா வீட்டுக்குள் முழங்கால் அளவு ஏறிவிட்டது. கட்டிலின் மேல் ஏற்றி வைக்க முடிந்ததை ஏற்றினோம். விதைக்கடலைக்கு வைத்திருந்த மல்லாட்டை மூட்டைகள் மட்டும் மூழ்கிவிட்டன. அப்பாவும் நான்கைந்து பேரும் சேர்ந்து பைப்புக்குப் பக்கத்தில் மண்ணை வெட்டிவிட்ட பிறகுதான் தண்ணீர் வடிந்தது. இத்தனையும் நடக்கும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பைகள் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. நானும் மற்றவர்களைப் போலவே பைப் ஏன் தண்ணீர் இழுக்கவில்லை என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

நீ மறுநாள் மத்தியானம் வந்தாய். ஈ.சி.ஆர். ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தாய். வீட்டுக்குள்கூட வராமல் நேராகப் பைப் வாய்க்குப் போய்க் கையை விட்டுப் பார்த்தாய். கைக்கு எட்டிய வரைக்கும் சேறும் குப்பையும்தான். தெருவே கூடி நின்றது. அப்பா இரண்டு நாளாகத் தூங்காதவர். "படிச்சவன் சொல்றானேன்னு கேட்டேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அதற்குக்கூட நீ தலை குனியவில்லை. கன்னியம்மா பெரியம்மா நனைந்த மல்லாட்டையை முறத்தில் வைத்துக்கொண்டு, "புள்ளயத் திட்டாத. பச்சப் புள்ள, ஏதோ தெரியாம போட்டுட்டான். தண்ணி வந்தா போவுது" என்றார்கள் பார், அப்போதுதான் உன் முகம் மாறியது. அவர்கள் திட்டியிருந்தால் நீ எதிர்த்துப் பேசியிருப்பாய். மன்னித்துவிட்டார்கள். நீ "வாட்டம் பத்தல போலருக்கு, சரிவு இல்லாமதான் சேறு தங்கிடுச்சி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாய். டியூப்பைச் சுருட்டிப் பரண்மேல் போட்டாய். மாசக் கடைசியில் விழுப்புரத்து வேலையை விட்டுவிட்டாய். அடுத்த கணக்கும் தப்பாகி யார் வீடாவது இடிந்து விழுந்தால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டாய். நான், "உனக்கு எது புடிக்குதோ செய்யி கண்ணு" என்றேன். நல்ல தாய் மாதிரிப் பேசினேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம். நீ வேலையை விடுவதற்கு முன்பே எனக்கு நினைவு வந்துவிட்டது. வெள்ளம் வடிந்து பத்து நாள் இருக்கும். பால்வாடிக்குப் போகக் கொடியிலிருந்து புடவையை இழுத்தேன், அதற்கடியில் கிடந்த ஒற்றை மஞ்சள் பை காலடியில் விழுந்தது. உன் அக்கா பேரைப் படித்தேன். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். எழுந்து போய் அப்பாவிடம் சொல்ல இருபது அடி தூரம்கூட இல்லை. அவர் வாசலில்தான் இருந்தார், வெட்டிய இடத்தின் மேல் இரண்டு கருங்கல் பலகையைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று ஆறு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் உன் அக்கா. புதுப் பெண். கல்யாணமாகி மூன்று மாசம் ஆகவில்லை. அவள் கல்யாணப் பைதான் அடுத்த வீட்டை மூழ்கடித்தது என்று வெளியே வந்தால் ஊர் என்ன சொல்லும்? ராசியில்லாத கல்யாணம் என்று சொல்லும். அது ரெட்டியார்பாளையம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? அவள் அங்கே வாழ வேண்டியவள், நீ ஆண் பிள்ளை, தாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். அவளுக்காக உன்னை விட்டுக்கொடுத்தேன். இது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், எனக்கு வெட்கம். தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொய் சொல்லக் கூடாது என்று பாட்டுப் பாடிச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் நான். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். பத்தாவது நாள் சொல்ல முடியாததை இருபதாவது நாள் எப்படிச் சொல்வது? அதற்குள் நீ சென்னைக்குப் பெட்டி கட்டிவிட்டாய். நீ பஸ் ஏறும்போது உன் கையில் நான் முறுக்கு டப்பாவைக் கொடுத்தேன். அதைத் தவிர என்னிடம் கொடுக்க வேறு இருந்தது, கொடுக்கவில்லை.

பிறகு அந்தப் பைப் அங்கேயே செத்துக் கிடந்தது. தண்ணீர் பலகைக்கல்லுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. டிராக்டர் உள்ளே வர முடியாமல் நெல் மூட்டைகளை அப்பா ரோட்டிலிருந்து தோளில் சுமந்தார். அவர் ஒவ்வொரு மூட்டையாகக் கொண்டுவருவதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். பெரிய மழை என்று ரேடியோவில் சொன்னால் போதும், பலகைக்கல் தாங்குமா என்று எழுந்து எழுந்து பார்ப்பேன். கன்னியம்மா பெரியம்மா மோர் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிடுவேன், குடித்த பிறகு நெஞ்சில் நிற்கும். நீ பொங்கலுக்கு வருவாய், வண்டியை ரோட்டோர வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, அந்தக் கல்லின் மேல் நடந்து வீட்டுக்குள் வருவாய். ஒரு தடவைகூட நீ அந்தப் பைப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

இப்போது எடுக்க வேண்டும் என்று வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்போதும் தப்பிக்கத்தான் பார்த்தேன். கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்த மேஸ்திரியிடம், "பழசு மண்ணுலயே கெடக்கட்டுங்க, பக்கத்துல புதுசு போட்டுடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எதுக்கும்மா? பைப் ஒடையாம இருந்தா அதையே போடலாமே. எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். ஜேசிபி வந்து நின்றுவிட்டது. தெருவில் அன்றைக்கு நம் வீடுதான் முதல். அப்பா பலகைக்கல்லைப் புரட்டி ஓரமாக வைத்தார். கன்னியம்மா பெரியம்மா கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். எனக்குப் பால்வாடிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. போகவில்லை. அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

மேலே இருந்த மண்ணைச் சுரண்டியதும் முதலில் தெரிந்தது உன் அம்புக்குறி. சிவப்பு அப்படியே இருந்தது. ஜேசிபிக்காரர் பைப்புக்குச் சங்கிலி கட்டித் தூக்கினார். பைப் ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் உள்ளேயிருந்து கறுப்புச் சேறு கொட்டியது. சேற்றோடு பொத்தென்று ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக விழுந்துகொண்டே இருந்தன. "என்னாங்க இது, மூட்டையா கட்டி வச்சிருக்காங்க" என்றார் மேஸ்திரி. அப்பா இறங்கி ஒன்றை எடுத்தார். வாய்க்கால் தண்ணீரில் அலசினார். கண்ணாடி இல்லாததால் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு படித்தார். படித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து படித்தார். நைலான் கலந்த துணி, மக்கவே இல்லை தம்பி. உன் அக்கா பேர் அப்படியே இருந்தது.

"நான்தான் வச்சேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். மறுவீட்டு விருந்துக்கு நாற்றம் வரக் கூடாதென்று வைத்தேன், எடுக்க மறந்தேன், பத்து நாள் கழித்து நினைவு வந்தது, சொல்லவில்லை. நான்கே வரி. ஆறு வருஷமாக வயிற்றில் கிடந்தது நான்கு வரியில் முடிந்துவிட்டது. ஜேசிபிக்காரர் என்ஜினை நிறுத்திவிட்டார். அப்பா பையைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல், "அப்ப அவன் போட்டது சரிதானா" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "சரிதாங்க" என்றேன். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், சேறு தெறித்திருக்கிறது என்பதுபோல.

கன்னியம்மா பெரியம்மா அப்படி விடவில்லை. "ஏன்டி, அந்தப் புள்ளய நான் பச்சப் புள்ளன்னு சொன்னப்போ பக்கத்துலதான நின்ன? வாய்ல என்னா வச்சிருந்த?" என்று கேட்டார்கள். "ஆறு வருசமா எங்கூட்டு மோரக் குடிச்சிருக்க" என்றார்கள். கன்றை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான்கு நாள் நம் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் வந்து, "அந்தப் பலகக் கல்லு உங்களுக்கு இனிமே எதுக்கு? தொவைக்கிறதுக்கு எடுத்துக்குறேன்" என்றார்கள். அப்பாவும் நானும் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய் அவர்கள் கிணற்றடியில் போட்டுக் கொடுத்தோம். திரும்பும்போது சொம்பில் மோர் வந்தது. "புள்ளகிட்ட சொன்னியா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "சொல்லிட்டு அப்பறம் குடி" என்று சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நேராக அங்கேதான் போகிறேன்.

உன் அக்காவிடம் போனில் சொன்னேன். முதலில் சிரித்தாள். பெருச்சாளிக்கா இத்தனை என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "என் பேரக் காப்பாத்தும்மான்னு நான் உன்னக் கேட்டனா? தம்பி வேலய விட்டானே, அதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா?" என்றாள். அவள் மாமியாரிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டாளாம். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தாராம். நான் எந்த வீட்டுக்குப் பயந்து உன்னை அடைத்துவைத்தேனோ, அந்த வீட்டில் அது ஒரு சாயங்காலச் சிரிப்புக் கதையாகப் போய்விட்டது. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, என்மேல் ஆத்திரமும் வருகிறது.

பைப் போட்ட வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உனக்குக் கேட்கப் பிடிக்கும். பைப் இரண்டிலும் ஒரு கீறல் இல்லை. மேஸ்திரி பழைய மணல் படுக்கையில் டியூப் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார், அவருடையது ஓட்டை. பரண்மேல் ஏறி உன்னுடையதை இறக்கிக் கொடுத்தேன். மட்டம் பார்த்துவிட்டு, "யாருங்க போட்டது இது? நூல் புடிச்சாப்ல வாட்டம் வச்சிருக்காரு" என்றார். "எம் புள்ள" என்று அப்பா சொன்னார். தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். அதற்குப் பிறகு பழைய அளவுப்படியேதான் எல்லாம் நடந்தது. வாய்க்கால் ஆழமானதால் பைப்பையும் அதற்குத் தகுந்தபடி இறக்கினோம், ரோடு அகலமானதால் அதே ரெண்டடியில் புதிதாக ஒரு பைப் சேர்த்தோம். கீழே மணல், இணைப்பில் சிமெண்ட், இரண்டு வாயிலும் செங்கல்லில் முகப்புச் சுவர், மேலே கிராவலைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் குத்தினோம். உன் அம்பைப் பார்த்துத்தான் எந்த முனை எந்தப் பக்கம் என்று வைத்தார்கள். புதுப் பைப்பில் அம்பு இல்லையே என்று அப்பாவே சிவப்புப் பெயிண்ட் வாங்கிவந்து போட்டார். கொஞ்சம் கோணல். தெருவில் மற்றவர்களும் இப்போது ரெண்டடி பைப்தான் வாங்குகிறார்கள்.

உன்னைப் பழைய வேலைக்குப் போகச் சொல்லி இதை எழுதவில்லை. வண்டி விற்கிற கடையில் நீ நன்றாகத்தான் இருக்கிறாய், உனக்குக் கீழே நான்கு பேர் இருக்கிறார்கள், கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணையும் அங்கேதான் பார்த்தாய். ஆனால் உன்னால் முடியாது என்று நினைத்துக்கொண்டு விட்டாயே, அந்த நினைப்பு மட்டும் பொய். அதைக் கொடுத்தவள் நான், நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என்னை மன்னிக்க அவசரப்பட வேண்டாம். கன்னியம்மா பெரியம்மா நான்கு நாள் எடுத்துக்கொண்டார்கள். உனக்கு அதைவிட அதிக நாள் எடுத்துக்கொள்ள உரிமை இருக்கிறது.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். குடும்பம் என்றால் தப்பு நடக்கும், மறதியாகவும் நடக்கும், கௌரவத்துக்காகவும் நடக்கும். தெரிந்த அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடு. எனக்கு அந்தப் பத்தாம் நாள் இருபது அடி தூரம்தான் இருந்தது. பிறகு அது சென்னை தூரம் ஆகிவிட்டது. நாளைக்கு உங்களுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தால், ஒன்று தாங்கிக்கொள்ளும் என்று நீங்களே முடிவு கட்டி அதன் தலையில் எதையும் வைக்காதீர்கள். தாங்குகிற பிள்ளைக்குத்தான் அதிகமாக வலிக்கிறது. உன் முகத்தைப் பார்த்து இதைத் தெரிந்துகொண்டேன், தெரிந்தும் சும்மா இருந்தேன்.

அப்பா இதோ வாசலில் நிற்கிறார். மழை விட்ட பிறகும் மூன்று தடவை போய்க் குனிந்து பைப்புக்குள் பார்த்துவிட்டு வந்தார். இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறதாம். "அவன் வர்றானா தீவாளிக்கி?" என்று கேட்டார். வருவான் என்றேன். கேட்டின் கீல் துருப்பிடித்து ஆறு வருஷமாக ஒரு கதவுதான் திறந்துகொண்டிருந்தது. இன்றைக்குக் காலையிலிருந்து எண்ணெய் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார், இப்போது இரண்டும் திறக்கிறது.

அதனால் தீபாவளிக்கு வரும்போது வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தாதே. இறங்காதே. நீ போட்ட பைப்மேல் ஓட்டிக்கொண்டு உள்ளே வா.

அம்மா